ஒரு கட்டிங் தைரியம்

நெதர்லாந்தின் தெற்கு மூலையில், ஜெர்மன் எல்லைக்கு அருகில் இருக்கிறது மாஸ்ட்ரிக்ட். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் படிக்க ஜெர்மன் மாணவர்கள் நிறைய வருகிறார்கள். வந்தபின் டச்சு மொழி பழகுகிறார்கள். அப்படிப் புதிதாக டச்சு பழகிய 50 பேரை வைத்து நடத்திய ஒரு சோதனை 2017இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு வோட்கா கலந்த எலுமிச்சைப் பானம், மற்றவர்களுக்கு வெறும் தண்ணீர். வோட்கா அதிகமில்லை. 70 கிலோ எடையுள்ள ஓர் ஆண் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக பீர் குடித்தால் எவ்வளவோ அவ்வளவுதான். பிறகு எல்லோரும் சில நிமிடம் டச்சில் உரையாட வேண்டும். அந்தப் பதிவை, டச்சைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். யார் குடித்தவர், யார் குடிக்காதவர் என்று அவர்களுக்குத் தெரியாது. குடித்தவர்களின் டச்சு மேலாக இருந்தது, குறிப்பாக உச்சரிப்பு.

இந்த ஆய்வுக்கு 2025இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்கு ஆண்டுதோறும் தரும் பரிசு அது. இதற்கு அமைதிப் பிரிவில் கொடுத்தார்கள். என்னை யோசிக்கவைத்தது அந்த ஆய்வின் இன்னொரு முடிவு. பேசிய மாணவர்களிடமும் ‘உங்கள் டச்சு எப்படி இருந்தது?’ என்று கேட்டிருந்தார்கள். குடித்தவர்கள் தங்களுக்குக் கூடுதல் மதிப்பெண் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. கேட்டவருக்குத் தெரிந்த மாற்றம் பேசியவருக்குத் தெரியவில்லை.

பிரான்சின் கிரெனோபிள் நகரில் லாரன் பெக் என்ற உளவியலாளரின் குழு கண்டது இதற்கு நேர் எதிர். 94 ஆண்களை அழைத்து, புதுப் பானம் ஒன்றின் ருசியைச் சோதிப்பதாகச் சொல்லிக் குடிக்கக் கொடுத்தார்கள். சிலருக்கு மது, சிலருக்கு மது இல்லாத பானம். ஆனால் ‘இது மது’ என்று சொன்னதற்கும் உள்ளே போனதற்கும் சம்பந்தம் வைக்கவில்லை. மது என்று சொல்லப்பட்டவர்களில் பாதிப் பேர் குடித்தது மதுவே அல்ல. பிறகு கேமரா முன்னால் பேசவைத்து, அந்தக் காட்சியைப் போட்டுக்காட்டி, தங்களுக்குத் தாங்களே மதிப்பெண் போடச் சொன்னார்கள். மது குடித்ததாக நம்பியவர்கள் தங்களை அழகானவர்களாக, வேடிக்கையாகப் பேசுபவர்களாகக் கண்டார்கள், உண்மையில் குடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும். வெளியாட்கள் போட்ட மதிப்பெண்ணில் அப்படி ஒரு வித்தியாசமும் இல்லை. இதற்கும் 2013இல் இக் நோபல் கிடைத்தது.

“ஒரு கட்டிங் போட்டாத்தான் வாயே திறக்கும்” என்று சொல்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கல்யாண வீட்டு மாடியிலும், அலுவலகப் பார்ட்டியிலும், பெண் பார்க்கப் போகும் காரிலும் இந்தப் பேச்சு கேட்கும். அந்தக் கட்டிங் மாற்றுவது பேச்சையா, பேச்சைப் பற்றிப் பேசுபவர் மனதில் ஓடும் தீர்ப்பையா? எண்பது ஆண்டுகளாக ஆய்வுக்கூடங்களில் துரத்திக்கொண்டிருக்கும் கேள்வி இது. பூனை, எலி, கல்லூரி மாணவர், நோயாளி என்று பலரையும் இதற்காகப் பிடித்து உட்காரவைத்திருக்கிறார்கள்.

மதுவுக்குப் போகுமுன் கூச்சத்தைப் பார்த்துவிடலாம். சபைக்கூச்சத்தை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்க ஒரு முறை இருக்கிறது. ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993இல் வெளியான அதன் பெயர் ட்ரியர் சமூக அழுத்தச் சோதனை. உங்களை ஓர் அறைக்குள் அனுப்புவார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட சிலர் மேசைக்குப் பின்னால் இருப்பார்கள். சிரிக்கமாட்டார்கள், தலையாட்டமாட்டார்கள். ‘இந்த வேலைக்கு நான்தான் பொருத்தம்’ என்று அவர்களிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டும். முடித்ததும், 1022இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் குறைத்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தப்பினால் முதலிலிருந்து. அடி இல்லை, மின்சாரம் இல்லை, உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனாலும் ரத்தத்தில் கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் கிடுகிடுவென்று ஏறுகிறது. இப்படிப்பட்ட 208 ஆய்வுகளைத் திரட்டி சாலி டிக்கர்சனும் மார்கரெட் கெமெனியும் 2004இல் அலசினார்கள். கார்ட்டிசோலை அதிகம் ஏற்றியது வேலையின் கடினம் அல்ல. ‘பிறர் என்னை எடைபோடுகிறார்கள்’ என்பதும், ‘இதை மாற்ற என் கையில் எதுவும் இல்லை’ என்பதும் சேரும்போதுதான் அது உச்சத்துக்குப் போகிறது.

இந்தச் சபைக்கூச்சம் எல்லோருக்கும் உள்ளது. சிலருக்கு இதுவே வாழ்க்கையை முடக்குகிறது. கடையில் விலை கேட்க, வகுப்பில் சந்தேகம் கேட்க, பந்தியில் உட்கார்ந்து நாலு பேர் பார்க்கச் சாப்பிடக்கூட முடியாமல் போகிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980இல்தான் இதைத் தங்கள் நோய்ப் பட்டியலில் தனி இடம் கொடுத்துச் சேர்த்தார்கள். இன்று சமூகப் பதற்றக் கோளாறு என்கிறோம். பெரும்பாலும் பதின்ம வயதின் தொடக்கத்திலேயே தலைகாட்டிவிடும். வீட்டில் யாரும் நோய் என்று எடுத்துக்கொள்வதில்லை. “பிள்ளை ரொம்ப அடக்கம்” என்று உறவினர்கள் மெச்சுவதும் உண்டு.

1995இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் இந்தப் பதற்றத்துக்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். இன்றும் சிகிச்சைகள் அதன்மேல்தான் நிற்கின்றன. கூச்சமுள்ளவர் கூட்டத்துக்குள் நுழைந்ததும் அவருடைய கவனம் எதிரில் இருப்பவரைவிட்டு உள்ளே திரும்பிவிடுகிறது. நெஞ்சு அடிக்கிறதா, முகம் சிவக்கிறதா, குரல் நடுங்குகிறதா என்று தன்னையே கண்காணிக்கத் தொடங்குகிறார். உள்ளே உணர்வதை வைத்து, வெளியே தான் எப்படித் தெரிகிறேன் என்று ஒரு படம் வரைந்துகொள்கிறார். எதிரில் இருப்பவர் உண்மையில் சிரிக்கிறாரா, கொட்டாவி விடுகிறாரா என்று பார்க்க அவருக்கு நேரமே இல்லை.

அந்தப் படம் எவ்வளவு பொய் என்பதற்கு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேடிக்கையான ஒரு சோதனை நடந்தது. 2000இல் வெளியானது. பாரி மனிலோ என்ற பாடகரின் முகம் பெரிதாக அச்சடித்த டி-ஷர்ட்டை ஒரு மாணவருக்கு மாட்டி, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அந்த வயதுக்காரர்கள் அதைப் போட்டுக்கொண்டு வெளியே வர வெட்கப்படுவார்கள். வெளியே வந்தவரிடம் கேட்டால், அறையில் பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்றார். கவனித்தவர்கள் சுமார் கால்பங்குப் பேர்தான். இவர்கள் நோயாளிகள் அல்லர், சாதாரண மாணவர்கள்.

இப்போது பூனைகள். 1940களில் சிகாகோவில் ஜூல்ஸ் மாசர்மன் என்ற மனநல மருத்துவர், பெட்டியைத் திறந்து தீனி எடுக்கப் பூனைகளைப் பழக்கினார். பழகியபின், தீனியைத் தொடும் நேரத்தில் முகத்தில் காற்றை வேகமாக ஊதுவது, அல்லது சிறு மின்னதிர்ச்சி. பூனைகள் பெட்டிப் பக்கமே போகாமல் பசியோடு மூலையில் சுருண்டன. மது கொடுத்ததும் அவற்றில் பல மறுபடி பெட்டிக்குப் போய்த் தீனி எடுத்தன. அதன்பின் வெறும் பாலும் மது கலந்த பாலும் வைத்தால், மது கலந்ததைத் தேடிப்போன பூனைகள் பல. பயத்தைப் பொறுமையாகப் போக்கிவிட்டபின் அவை பழையபடி வெறும் பாலுக்குத் திரும்பின. இன்றைக்கு இப்படியொரு சோதனைக்கு அனுமதி கிடைப்பது கடினம், கிடைக்காததே நல்லது.

மாசர்மனுக்குச் சில ஆண்டுகள் கழித்து, யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் காங்கர் எலிகளின் உடம்பில் பட்டை கட்டி, அவை எவ்வளவு விசையோடு இழுக்கின்றன என்று அளந்தார். தீனியை நோக்கி இழுக்கும் பசித்த எலிக்கு மது கொடுத்தால் இழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. அதிர்ச்சி வாங்கிய இடத்தைவிட்டு ஓட இழுக்கும் எலிக்குக் கொடுத்தால் இழுப்பு வெகுவாகக் குறைந்தது. ஆசை அப்படியே இருக்க, அச்சம் மட்டும் தளர்கிறது. கூச்சமுள்ளவர் கூட்ட வாசலில் நிற்பதும் இதே இரட்டை இழுப்பில்தான். போய்ப் பேச ஆசை, போனால் அவமானம் வருமோ என்ற பயம். மது பதற்றத்தைக் குறைக்கிறது, அதனால் குடிக்கிறார்கள் என்ற கருத்து அப்போதிலிருந்து வலுவாக வேரூன்றியது.

மனிதர்களிடம் சோதித்தபோது அது இவ்வளவு சுலபமாகப் படியவில்லை. சில சோதனைகளில் பதற்றம் குறைந்தது, சிலவற்றில் மாறவில்லை, சிலவற்றில் கூடியது. இந்தக் குழப்பத்துக்கு நான் படித்ததிலேயே நேர்த்தியான விடை கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசப்ஸ் இருவருடையது. 1988இல் வெளியான அவர்கள் சோதனையில், கொஞ்ச நேரத்தில் ஒரு பேச்சுப் பேச வேண்டும் என்று பங்கேற்றவர்களிடம் சொன்னார்கள். தலைப்பு: ‘என் உடம்பிலும் தோற்றத்திலும் எனக்கு மிகவும் பிடிக்காதது.’ சிலருக்கு மது கொடுத்தார்கள், சிலருக்கு இல்லை. காத்திருக்கும் நேரத்தில் சிலருக்கு ஓவியங்களைக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். மற்றவர்களைச் சும்மா உட்காரவைத்தார்கள். பதற்றம் குறைந்தது ஒரே குழுவுக்கு: மதுவும் குடித்து ஓவியமும் பார்த்தவர்களுக்கு. ஓவியம் மட்டும் போதவில்லை. மது மட்டும் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பதற்றம் இறங்கவில்லை, சற்று ஏறவும் செய்தது.

இதை அவர்கள் மதுவின் கிட்டப்பார்வை என்றார்கள். மது கவனத்தின் பரப்பைச் சுருக்குகிறது. கண்ணெதிரே இருக்கும் ஒன்று அந்தச் சின்னப் பரப்பை முழுதாக நிரப்பிவிட்டால், கவலைக்கு அதில் இடம் கிடைப்பதில்லை. கண்ணெதிரே ஒன்றுமே இல்லாவிட்டால் கவலையே வந்து அதை நிரப்பிக்கொள்ளும். ஒரே மனிதர், ஒரே பாட்டில். நண்பர்களோடு சிரித்துக்கொண்டு குடிக்கும்போது கவலை மறக்கிறார், தனியறையில் குடிக்கும்போது அழுகிறார். கிளார்க் சொன்ன உள்ளே திரும்பிய கவனத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தன்னைக் கண்காணிப்பது சுலபமான வேலை இல்லை. எதிரே இருப்பவர் பேசுவதைக் கேட்க வேண்டும், பதில் தேட வேண்டும், கூடவே ‘நான் எப்படித் தெரிகிறேன்’ என்ற ஓட்டத்தையும் நடத்த வேண்டும். கவனம் சுருங்கியவருக்கு மூன்றும் சேர்ந்து முடியாது. முதலில் கைவிடப்படுவது மூன்றாவதுதான் என்பது என் ஊகம். மாஸ்ட்ரிக்டில் உச்சரிப்பு சரளமானதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த ஆய்வில் பதற்றத்தை அளக்கவில்லை.

மூளைக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நரம்பணுக்களின் பரபரப்பை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது பெருக்குகிறது. பரபரப்பை ஏற்றும் குளுட்டமேட்டின் வேலையைத் தடுக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதியும் மந்தமாகிறது. அமெரிக்க அரசின் மது ஆராய்ச்சி நிறுவனத்தில் 12 பேருக்கு ரத்தக்குழாய் வழியாக மது ஏற்றி, அச்சத்தில் உறைந்த முகங்களையும் சாதாரண முகங்களையும் காட்டி ஸ்கேன் எடுத்தார்கள்; 2008இல் வெளியானது. மது இல்லாதபோது அச்ச முகங்களுக்கு அமிக்டலா துள்ளியது. மது ஏறியபின் இரண்டு வகை முகங்களுக்கும் அது ஒரே மாதிரி இருந்தது. பிறர் முகத்தில் சின்ன சுளிப்பைக்கூடத் தனக்கெதிரான தீர்ப்பாகப் படிப்பவருக்கு இது எவ்வளவு பெரிய ஓய்வு என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் கிரெனோபிளில் ஒரு சொட்டு மதுகூடக் குடிக்காதவர்களும் தங்களை மெச்சிக்கொண்டார்கள். அதற்கு அமிக்டலா பதில் சொல்லாது. சமூகப் பதற்றக் கோளாறு உள்ளவர்களை மேடையில் பேசவைத்து மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட சோதனையில், மது நேரடியாகப் பதற்றத்தைக் குறைக்கவில்லை. தனக்கு மதுதான் கொடுத்தார்கள் என்று நம்பியவர்களுக்குப் பதற்றம் குறைந்திருந்தது. பின்னால் வந்த வேறு சோதனைகளில் மதுவின் சொந்தப் பங்கும் தெரிந்தது. இரண்டும் கலந்தே வேலை செய்கின்றன என்பதுதான் இன்று சொல்லக்கூடியது.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? மார்க் கோல்ட்மனும் அவர் சகாக்களும் 1982இல் காட்டியது இது: மது என்ன செய்யும் என்ற எதிர்பார்ப்புகள், ஒரு சொட்டுக்கூடக் குடித்திராத சிறுவர்களிடமே உருவாகிவிட்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் வளர்ந்தவருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. காதலைச் சொல்ல வாய்வராத நாயகன் ஒரு குவார்ட்டரை ஊற்றிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் நின்று கத்துவதை எத்தனை படங்களில் பார்த்திருக்கிறோம். முதலாளியைக் கண்டால் நடுங்கும் நகைச்சுவை நடிகர், பாட்டிலை மூடிய கையோடு அவர் சட்டையைப் பிடிப்பதையும் பார்த்திருக்கிறோம். பத்து வயதுக்குள் மனதில் பதிந்துவிடும் பாடம் அது. அந்தப் பாடம் படித்த பையன் இருபது வயதில் முதல் டம்ளரைத் தொடும்போது, தைரியம் ஏற்கனவே உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது.

டம்ளருக்கு இன்னொரு பயன் உண்டு, அதற்கும் போதைக்கும் சம்பந்தமில்லை. எட்வர்ட் ஜோன்சும் ஸ்டீவன் பெர்க்லஸும் 1978இல் அதைப் பற்றி எழுதினார்கள். தோல்வி வந்தால் பழிபோட ஒரு காரணத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது மனித இயல்பு. மது அதற்கு வாகான காரணம். பேச்சு சொதப்பினால் “போதையில உளறிட்டேன்” என்று முடித்துக்கொள்ளலாம். ஊரும் “குடிச்சிருக்கான், விடுங்கப்பா” என்று விட்டுவிடும். எதைப் பேசினாலும் தன் மதிப்புக்குச் சேதமில்லை என்ற அந்த உரிமம்தான் கூச்சக்காரருக்குக் கிடைக்கும் பெரிய சலுகை என்று சில நேரம் தோன்றுகிறது.

வெட்கத்தை மது விரட்டும் என்பது ஆய்வுக்கூடம் வருமுன்பே தெரிந்ததுதான். பிளேட்டோ தன் கடைசிக் காலத்தில் எழுதிய சட்டங்கள் நூலில், பதினெட்டு வயதுக்குள் யாரும் மதுவைத் தொடக்கூடாது என்கிறார். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் தாராளமாகத் தருகிறார். வயதானவர்கள் கூட்டத்தில் பாட வெட்கப்படுவார்களாம், மது அந்த இறுக்கத்தைத் தளர்த்துமாம். வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் நாணத்தையே ஒரு நல்ல பெண்ணாக்கி, குடிப்பவனுக்கு அவள் முதுகு காட்டிப் போய்விடுவதாகச் சொல்கிறார். கண்டது இருவரும் ஒன்றையேதான். பிளேட்டோவுக்கு அது பாட்டு வர வழி, வள்ளுவருக்கு இழப்பு. கூச்சத்தால் முடங்கியவர் பிளேட்டோ பக்கம் சாய்வதில் எனக்கு வியப்பில்லை.

குடிப்பது தனி மூளையின் விவகாரம் மட்டும் இல்லை, சுற்றியிருப்பவர்களும் அதில் சேர்த்தி. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சாயெட் 2012இல் வெளியிட்ட ஆய்வில் 720 பேர் கலந்துகொண்டார்கள். முன்பின் அறியாத மூன்று மூன்று பேராக மேசையில் உட்காரவைத்து, 36 நிமிடம் பானம் பரிமாறி, முகங்களைப் படம்பிடித்தார்கள். சிலருக்கு வோட்கா, சிலருக்கு வோட்கா என்று சொல்லப்பட்ட வெறும் பானம், சிலருக்குச் சொல்லிவிட்டே கொடுத்த வெறும் பானம். பிறகு படத்தை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்து, எந்தத் தசை எப்போது அசைந்தது என்று குறித்தார்கள். வோட்கா குடித்த மேசைகளில் கண்வரை எட்டும் உண்மைச் சிரிப்பு அதிகம். மூவரும் ஒரே நேரத்தில் சிரித்த கணங்கள் அதிகம். ஒருவரே பேசித்தள்ளாமல் மூவரும் மாறிமாறிப் பேசியதும் அதிகம். கூச்சக்காரர் ஏங்குவது இதற்குத்தானே?

1950களில் கிழக்கு பொலிவியாவின் தாழ்நிலக் காடுகளில் கம்பா மக்களோடு தங்கியிருந்தார் டுவைட் ஹீத் என்ற மானுடவியலாளர். அவர்கள் குடித்த சாராயத்தைக் கொண்டுபோய்ச் சோதித்தால் 89 சதவீதம் ஆல்கஹால். விழா நாட்களில் வட்டமாக உட்கார்ந்து, ஒரே கோப்பையில், இன்னாருக்கென்று பெயர் சொல்லி முறைப்படி குடித்து, அடுத்தவருக்கு நீட்டுவார்கள். விடிய விடிய நடக்கும். அடிதடி இல்லை, குடிநோயாளி என்று சொல்ல ஒருவரும் இல்லை. மற்ற நாட்களில் காட்டுக்குள் தள்ளித்தள்ளி வாழ்ந்த, அதிகம் பேசாத மக்கள் அவர்கள். தயங்கித் தனித்திருக்கும் மனிதர்கள் ஒருவரையொருவர் நெருங்க அந்தக் கோப்பை வழிசெய்தது என்பது ஹீத்தின் விளக்கம். இதை எடுத்துச் சொல்லி ‘அப்படியானால் குடிப்பதில் தப்பில்லை’ என்று வாதிடுபவர்களைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கம்பாக்கள் தனியாகக் குடித்ததில்லை, நினைத்த நாளில் குடித்ததில்லை, முறை தவறிக் குடித்ததில்லை. டாஸ்மாக் கடையோரம் நின்று மூன்று நிமிடத்தில் ஒரு குவார்ட்டரை இறக்கிவிட்டுப் போவதில் இந்த மூன்று கட்டுப்பாடும் கிடையாது.

கூச்சக்காரர் பெரும்பாலும் குடிப்பது கூட்டத்துக்குப் போகுமுன்னால்தான். மது உள்ளே போன பத்துப் பதினைந்து நிமிடத்தில் பலன் தெரிகிறது. பலன் இவ்வளவு சீக்கிரம் வந்தால் மூளை ஒரே தடவையில் கற்றுக்கொள்ளும். அதிலும் தவறாகக் கற்றுக்கொள்கிறது என்பதுதான் சிக்கல். அன்று மாலை அவர் நன்றாகப் பேசினார், நாலு பேர் சிரித்தார்கள், யாரும் கேலி செய்யவில்லை. குடிக்காமல் இருந்தாலும் கேலி செய்திருக்கமாட்டார்கள். அது அவருக்குத் தெரிய வழியே இல்லை. நல்ல பெயர் முழுவதையும் டம்ளர் எடுத்துக்கொள்கிறது. ‘மக்கள் என்னைக் கிழித்துவிடுவார்கள்’ என்ற பயம் ஒருமுறைகூடச் சோதிக்கப்படாமல் பத்திரமாக இருக்கிறது. வருடக்கணக்கில் நூறு கூட்டங்களுக்குப் போய்வந்தாலும், பயத்தைப் பொறுத்தவரை அவர் ஒரு கூட்டத்துக்கும் போகாதவர்தான்.

மறுநாள் காலை இன்னொன்று காத்திருக்கிறது. மது வடிந்ததும், அடக்கி வைத்திருந்த குளுட்டமேட் எகிறுகிறது, நெஞ்சு படபடக்கிறது. கூச்சமுள்ளவர்களுக்கு, நடந்து முடிந்த சந்திப்பை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப்பார்த்துத் தப்பு கண்டுபிடிக்கும் பழக்கம் ஏற்கனவே உண்டு. இப்போது ஓட்டிப்பார்க்கும் படத்தில் பாதிக் காட்சிகள் காணவில்லை. விட்டுப்போன இடங்களை மோசமானவற்றைக் கொண்டே நிரப்புகிறார்கள். ஆங்கிலம் பேசும் இளைஞர்கள் ஹேங்ஓவரையும் பதற்றத்தையும் ஒட்டி இதற்கு ‘ஹேங்சைட்டி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லண்டனிலும் எக்ஸிடரிலும் உள்ள ஆய்வாளர்கள் 97 பேரைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியிட்ட முடிவு இது: கூச்சம் அதிகமுள்ளவர்களுக்கு அன்றிரவு பதற்றம் கொஞ்சம்தான் குறைந்தது, மறுநாள் நன்றாகவே ஏறியது. அப்படி ஏறியவர்களிடம் குடிநோயின் அறிகுறிகளும் கூடுதலாகத் தெரிந்தன. காலையில் ஏறும் பதற்றத்துக்கு மாலையில் மருந்து எதுவென்று அவர்களுக்கு ஏற்கனவே தெரியும்.

கூச்சமுள்ளவர்கள் எல்லோரும் மொடாக்குடியர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. கல்லூரி மாணவர்கள் மீதான ஆய்வுகளைத் திரட்டி ஏமி ஷ்ரையும் சூசன் ஒயிட்டும் 2013இல் வெளியிட்ட அலசலில், கூச்சம் கூடக்கூடக் குடிக்கும் அளவு சற்றுக் குறைவாகவே இருந்தது. பார்ட்டிக்கே போகாதவர் எங்கே குடிப்பார்? ஆனால் குடியால் வரும் தொல்லைகள் அவர்களுக்குத்தான் அதிகம். எவ்வளவு குடிக்கிறார் என்பதைவிட எதற்காகக் குடிக்கிறார் என்பது முக்கியம் என்று நான் நினைக்க இந்த ஓர் ஆய்வே போதும். அமெரிக்காவில் 43,000க்கும் அதிகமான பெரியவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், சமூகப் பதற்றக் கோளாறு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஏதோவொரு கட்டத்தில் குடிப் பிரச்சினையும் இருந்தது. இரண்டும் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் வந்தது கூச்சம். முன்னால் வந்ததுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. குடும்ப மரபு இரண்டையும் சேர்த்தே கொடுத்திருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்க நார்வேயில் ஏறத்தாழ 2,800 இரட்டையர்களைப் பல ஆண்டு இடைவெளியில் இருமுறை பேட்டி எடுத்தார்கள். பதற்ற நோய்களில் பல வகை உண்டு. அவற்றில் சமூகப் பதற்றத்துக்கு மட்டும் பின்னாளைய குடிநோயோடு நேரடித் தொடர்பு இருப்பதாக 2019இல் அந்த ஆய்வு சொன்னது.

அப்படியானால் பயத்துக்கு வைத்தியம் பார்த்தால் குடி தானே நின்றுவிடும் அல்லவா? மாசர்மனின் பூனைகளுக்கு நின்றது. மனிதர்களுக்கு நிற்கவில்லை. தெற்கு கரோலினாவில் கேரி ராண்டலின் குழு, இரண்டு நோயும் உள்ள 93 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதிக்குக் குடிக்கு மட்டும் சிகிச்சை, மறுபகுதிக்குக் குடிக்கும் கூச்சத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை. இரு பகுதியினரும் குடியைக் குறைத்தார்கள். ஆனால் இரட்டைச் சிகிச்சை பெற்றவர்கள், ஒற்றைச் சிகிச்சை பெற்றவர்களைவிட அதிகமாகக் குடித்தார்கள். 2001இல் இந்த முடிவு வந்தபோது எதிர்பார்த்தவர்கள் குறைவு. பயப்படும் இடங்களுக்கு வலியப் போய்ப் பழகு என்பது கூச்சத்துக்கான சிகிச்சையின் பகுதி. போவதற்குத் தைரியம் வேண்டும், தைரியத்துக்கு அவர்களிடம் பழைய வழி கைவசம் இருந்தது என்பது ஒரு விளக்கம். அதே குழு பிறகு பராக்சிடின் என்ற மாத்திரை கொடுத்துப் பார்த்தது. கூச்சம் நன்றாகக் குறைந்தது. கூட்டத்துக்குப் போகுமுன் தைரியத்துக்காகக் குடிப்பதும் குறைந்தது. மொத்தமாகக் குடித்த அளவு மட்டும் மாறவில்லை. அதற்குள் குடிக்கு வேறு காரணங்கள் முளைத்துவிட்டிருந்தன.

எனவே, குடி வேரூன்றும் முன்பு, கூச்சம் தலைகாட்டும் பதின்ம வயதிலேயே அதைத் தொடுவதுதான் லாபம். அங்கே பெரிய கருவிகள் தேவைப்படுவதில்லை. கிளார்க்கின் வழியில் சிகிச்சை தருபவர்கள், கூச்சமுள்ளவர் பேசுவதை வீடியோ எடுத்து அவருக்கே போட்டுக்காட்டுகிறார்கள். பார்க்குமுன் ‘நான் எப்படித் தெரிவேன்’ என்று விவரமாகச் சொல்லச் சொல்கிறார்கள். ஆடி அதிர்ந்ததாக அவர் உணர்ந்த கை, திரையில் பெரும்பாலும் அசைந்ததே தெரிவதில்லை.

டி-ஷர்ட் சோதனை நடத்திய தாமஸ் கிலோவிச்சும் கென்னத் சாவிட்ஸ்கியும் 2003இல் மேடைப் பேச்சை எடுத்துக்கொண்டார்கள். மாணவர்களை மூன்று குழுவாக்கி, கேமரா முன்னால் மூன்று நிமிடம் பேசச் சொன்னார்கள். முதல் குழுவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது குழுவிடம், பதற்றம் வருவது இயல்பு, கவலைப்படாதீர்கள் என்றார்கள். மூன்றாவது குழுவிடம் ஆய்வில் தெரியவந்த ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னார்கள்: உள்ளே இருக்கும் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை. மூன்றாவது குழு மற்ற இரண்டையும்விட நன்றாகப் பேசியது. கேட்டவர்களும் அப்படிச் சொன்னார்கள், பேசியவர்களும் அப்படிச் சொன்னார்கள். கவலைப்படாதீர்கள் என்ற ஆறுதலை மட்டும் வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு அதனால் ஒரு பலனும் இல்லை.